சிறு பாய்மரப் படகில் டீசல் இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டார்: திருகோணமலைக்கான செய்முறை

சிறு பாய்மரப் படகொன்றின் டீசல் இயந்திரத்தைக் கழற்றி எடுத்து, அந்த இடத்தில் மின்மோட்டாரைப் பொருத்துவது, இயந்திர வேலையில் கைப்பழக்கம் உள்ள ஒருவரும் மின்வேலை நன்கு அறிந்த ஒருவரும் சேர்ந்தால் திருகோணமலையிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கொள்கலனுடன் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் கவர்ச்சியை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எனினும் மோட்டாருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். படகின் அடியில் கிடந்த டீசல் இயந்திரம் புரொப்பெல்லரைச் சுற்றுவதோடு நிற்கவில்லை. புரொப்பெல்லர் முன்னோக்கித் தள்ளும் விசையைத் தன் கியர்பொக்ஸில் தாங்கியது, விளக்குகளுக்கான 12 வோல்ட் பற்றரியைச் சார்ஜ் செய்தது, சில படகுகளில், புரொப்பெல்லரின் தண்டு படகுக்குள் நுழையும் இடத்திலுள்ள கசிவுத் தடுப்புக்கு நீர் கொடுத்தது, தன் எடையால் படகின் சமநிலையையும் காத்தது. மோட்டார் இவற்றுள் சுற்றும் வேலையை மட்டுமே ஏற்கும். மற்ற வேலைகள் ஒவ்வொன்றுக்கும் வேறு ஏற்பாடு செய்வதுதான் இம்மாற்றத்தின் பெரும் பகுதி.

இது எல்லாப் படகுக்கும் பொருந்தாது. வருடத்தின் தொடக்க மாதங்களில் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து இங்கே நங்கூரமிட்டு, பின்பு மாலைதீவை நோக்கிப் போகும் நெடும்பயணப் படகுகள், மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்று அற்றுப்போனால் இரவு பகலாக இயந்திரத்தில் ஓட நேரிடும். அத்தகையவர்கள் டீசலை வைத்திருப்பதே அறிவு. உள்துறைமுகத்தில் படகை வைத்துக்கொண்டு, கொட்டியாரக் குடாவிலும் மூதூர்ப் பக்கமும் வடக்கே நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு வரையும் பாய் விரித்துப் போய் வருபவருக்கே கீழ்வரும் கணக்குகள் எழுதப்பட்டுள்ளன.

வலுவும் சேமிப்பும்

எடுத்துக்காட்டாக, 26 அடி நீளமும், நீர்க்கோட்டில் 21 அடியும், இரண்டரைத் தொன் எடையும், பத்துக் குதிரைவலு டீசல் இயந்திரமும் கொண்ட ஒரு பைபர் கிளாஸ் பாய்மரப் படகை எடுத்துக்கொள்வோம். நீரை விலக்கிச் செல்லும் இத்தகைய உடலமைப்புக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை நொட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று, கிடைக்கும். நமது படகுக்கு அது ஆறு நொட்டுக்குச் சற்று மேல். அந்த எல்லைக்கு அருகே போகப் போக, ஒவ்வொரு அரை நொட்டுக்கும் கொடுக்கும் விலை கையைக் கடிக்கத் தொடங்கும், ஏனெனில் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடிக்கு ஏறத்தாழ ஒத்து உயர்கிறது. அமைதியான நீரில், சுத்தமான அடிப்பாகத்துடன், இப்படிப்பட்ட படகொன்று மூன்று நொட்டில் போக ஏறத்தாழ 0.7 கிலோவாட்டும், நான்கு நொட்டுக்கு 1.6 கிலோவாட்டும், ஐந்து நொட்டுக்கு மூன்றரைக் கிலோவாட்டும் பற்றரியிலிருந்து எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு நொட்டைத் துரத்தினால் ஏழு கிலோவாட்டுக்குப் போய்விடும்.

இதிலிருந்து மோட்டாரின் அளவு தெளிவாகிறது. பத்துக் குதிரைவலு என்பது ஏழரைக் கிலோவாட் என்பதற்காக ஏழரைக் கிலோவாட் மோட்டார் வாங்க வேண்டியதில்லை. ஐந்து கிலோவாட்டைத் தொடர்ந்து தரக்கூடிய மோட்டார் இரண்டரைத் தொன் படகுக்குப் போதும். தொடர்ந்து என்ற சொல்லை விற்பனையாளரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடப்படும் எண், பெரும்பாலும் ஒரு சில நிமிடங்களுக்கு மட்டும் மோட்டார் தாங்கும் உச்ச வலுவாகவே இருக்கும்.

மோட்டாரை விடச் சேமிப்பே உண்மையான எல்லை. ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. சிறு இயந்திரம் அதில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேலானதையே தண்டுக்குக் கொடுக்கும். அப்படிப் பார்த்தாலும், 48 வோல்ட் 200 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரித் தொகுதி முழுவதும், அதாவது 10.2 கிலோவாட் மணி, டீசல் தாங்கியின் அடியில் மிஞ்சிக் கிடக்கும் நான்கு லீற்றருக்குத்தான் சமம். அதில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் ஒதுக்கி வைத்தால் கைக்குக் கிடைப்பது 8.2 கிலோவாட் மணி. மேலே சொன்ன வேகங்களுக்கு இதைப் பிரித்துப் பார்த்தால், மூன்று நொட்டில் 35 கடல் மைல், நான்கில் 20, ஐந்தில் 12, ஆறில் ஏழு என்று தூரம் சுருங்கிக்கொண்டே வரும். மின்மோட்டாருக்கு மாறும் ஒருவர் தம் அவசரத்தையும் ஒரு நொட் குறைத்துக்கொண்டால், அதே பற்றரி ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு தூரம் கொண்டுபோகும் என்பதே இந்த எண்களின் பொருள்.

உள்துறைமுகத்திலிருந்து புறாத்தீவுக்குக் கடல்வழி ஒரு பக்கம் மட்டும் 12 கடல் மைலுக்கு மேல். எனவே பாய் இல்லாமல் மோட்டாரை மட்டும் நம்பி நான்கு நொட்டில் போய்த் திரும்புவது இந்தப் பற்றரியின் எல்லைக்கு அப்பால். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும் காலத்தில் கணக்கு இன்னும் இறுகும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் அந்தக் காற்று படகை வெளியே கொண்டுபோவதற்கு உதவும். திரும்பி வரும்போது, கோணேசர் மலையைச் சுற்றிக் குடாவுக்குள் படகைத் திருப்பியவுடன் முகத்துக்கு நேரே நிற்கும். அமைதியான நீரில் 1.6 கிலோவாட்டில் நான்கு நொட் போன படகு, வலுத்த எதிர்க்காற்றிலும் அதன் சிற்றலையிலும் அதே வலுவுக்கு இரண்டு நொட்டுக்கும் கீழே இறங்கலாம். ஆகவே தொகுதியின் அளவைத் தீர்மானிக்கும்போது, வழக்கமாகப் போகும் தூரத்தின் கடைசி நான்கு கடல் மைலையும் எதிர்க்காற்றில் மோட்டாரால் கடக்க நேரிடும் என்று கொண்டு, அந்தத் தேவைக்குப் பாதித் தொகுதியை ஒதுக்கி, மீதிப் பாதியில் பயணத்தைத் திட்டமிட வேண்டும். அந்த மீதி போதாது என்று தோன்றினால் பெரிய பற்றரி வாங்க வேண்டும். பெரிய மோட்டார் இதற்கு மருந்தாகாது.

கழற்றுவதற்கு முன் அளத்தல்

இயந்திரம் இருக்கும்போது எடுக்காத அளவை, அது போன பின்பு எவராலும் எடுக்க முடியாது. தண்டின் மையக்கோடு இயந்திரப் படுக்கையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது, தண்டு எந்தச் சாய்வில் உள்ளே வருகிறது, தண்டைக் கியர்பொக்ஸுடன் பிணைக்கும் கப்ளிங்கின் முகத்திலிருந்து முன்தடுப்பு வரை எவ்வளவு இடம் உண்டு, படுக்கையின் போல்ட் துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பவற்றையெல்லாம் குறித்து, ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மோட்டாரின் தாங்கியைச் செய்து தரப்போகும் பட்டறைக்காரருக்கு வரைபடத்தை விட அந்தப் பலகை தெளிவாகப் பேசும். படகு நீரில் நிற்கும்போது நீர்க்கோட்டையும் முன்னும் பின்னும் பென்சிலால் குறித்துக்கொள்ளவும். எடை மாறிய பின் ஒப்பிடுவதற்கு அது உதவும்.

தண்டைக் கப்ளிங்கிலிருந்து பிரிக்கும் வேலையை இயந்திரம் படுக்கையில் இருக்கும்போதே செய்வது நல்லது. வருடக்கணக்காக உப்புநீர்த் துளி விழுந்த கப்ளிங் சுத்தியலுக்கு அசையாது. சுத்தியலால் அடித்தால் பெயாரிங்கும் கசிவுத் தடுப்பும்தான் காயப்படும். தண்டைப் பூட்டியிருக்கும் திருகை முதலில் கழற்றிவிட்டு, கப்ளிங்கின் இரு முகங்களையும் சிறிது விலக்கி, தண்டை விடச் சிறிய விட்டமுள்ள ஒரு சொக்கெற்றைத் தண்டின் முனைக்கும் கியர்பொக்ஸின் முகத்துக்கும் நடுவே வைத்து, நீண்ட போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு தடவையும் கால் சுற்று மட்டும் இறுக்கிக்கொண்டு வந்தால், கப்ளிங் தண்டிலிருந்து மெல்ல மெல்ல இழுபட்டு வெளியே வரும். துருவை இளக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையே ஊற்றி வைத்திருக்க வேண்டும்.

அதன் பின் கடல்நீர் வால்வை மூடி, டீசல், எண்ணெய், குளிர்நீர் மூன்றையும் தனித்தனிக் கலன்களில் வடித்தெடுத்து, பற்றரி இணைப்புகளைப் பிரித்து, ஒவ்வொரு வயரிலும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டுத் தூக்கலாம். ஒற்றைச் சிலிண்டர் யன்மார் 1ஜிஎம்10 கூட 76 கிலோ எடையுள்ளது; இரட்டைச் சிலிண்டர் 2ஜிஎம்20 ஆனால் 114 கிலோ. பாய்மரத்தின் கிடைக்கம்பில் கட்டித் தூக்குவதைச் சிலர் செய்கிறார்கள். அந்தக் கம்பு கீழ்நோக்கிய நூறு கிலோவைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. படகைக் கரையேற்றி, மேலே மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நாட்டி, சங்கிலி புளொக் போட்டு எடுப்பதே முறை. வடித்த எண்ணெயைக் குடாவில் ஊற்றுபவரைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

தள்ளுவிசையைத் தாங்குவது

புரொப்பெல்லர் நீரைப் பின்னால் தள்ளும்போது தண்டை முன்னால் தள்ளுகிறது. ஐந்து கிலோவாட்டில் அந்த விசை, நூறு கிலோ எடையை நெருங்கும். டீசல் இயந்திரத்தில் அதை ஏற்றது கியர்பொக்ஸுக்குள் இருந்த பெயாரிங். வெளியே தெரியாததால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். சாதாரண மின்மோட்டாரின் பெயாரிங் பக்கவாட்டுச் சுமைக்கானது, நீளவாக்குச் சுமைக்கானதன்று. எனவே மோட்டாரைத் தண்டுடன் நேரே இணைத்தால், சில மாதங்களிலேயே மோட்டாரின் உட்புறம் உரசத் தொடங்கும். படகுக்கென்றே செய்யப்படும் முழுத் தொகுதிகளில் தள்ளுவிசைப் பெயாரிங் தாங்கியிலேயே இருக்கும். மோட்டாரையும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரையும் தனித்தனியே வாங்கிச் சேர்ப்பவர், தண்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே அதற்கென ஒரு பெயாரிங் பெட்டியைப் படுக்கையுடன் போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும்.

மோட்டாரிலிருந்து தண்டுக்குப் பல் பெல்ட் வழியாக வேகத்தைக் குறைத்துக் கொடுப்பது சிறு படகுக்கு ஏற்ற முறை. மோட்டார் நிமிடத்துக்கு 2,500 அல்லது 3,000 சுற்றில் திறமையாக ஓடும். புரொப்பெல்லரோ 1,000 முதல் 1,400 சுற்றுக்குள் சுழன்றால்தான் நீரைப் பிடிக்கும். இரண்டுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று என்ற விகிதங்கள் வழக்கமானவை. பெல்ட்டின் பெரிய நன்மை, கணக்குச் சற்றுப் பிசகினாலும் ஒரு கப்பியை மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்பது. மின்மோட்டார் தொடக்கச் சுற்றிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், டீசலுக்குப் பொருத்தியிருந்ததை விடச் சற்றுப் பெரிய, மூன்று அலகுள்ள புரொப்பெல்லரை அது எளிதாகச் சுற்றும். ஆனால் அலகின் முனைக்கும் படகின் அடிக்கும் நடுவே புரொப்பெல்லர் விட்டத்தில் பத்து வீதத்துக்குக் குறையாத இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு வரும். பழைய புரொப்பெல்லர் நல்ல நிலையில் இருந்தால், முதலில் அதையே வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் புதியதைப் பற்றி யோசிப்பதே சிக்கனம்.

தாங்கியை 316 வகைத் துருப்பிடிக்காத இரும்பிலோ தடித்த அலுமினியத்திலோ செய்யலாம். படுக்கையில் ஊறிய டீசலையும் எண்ணெயையும் முழுவதும் கழுவி எடுத்து, உரசி, எப்பொக்சி பூசிய பின்பே அதைப் பொருத்த வேண்டும். கப்ளிங்கின் இரு முகங்களும் நேராக இருக்கின்றனவா என்பதைத் தகட்டு அளவியால் நான்கு திசையிலும் பார்க்கவும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள கப்ளிங்கில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. கரையில் இது சரியாக வந்தால் போதாது. கட்டைகளில் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவம், நீரில் மிதக்கும் உடல் இன்னொரு வடிவம். ஆகவே நீரில் இறக்கி ஒரு நாள் விட்டு மறுபடியும் அளந்த பின்பே போல்ட்டுகளை இறுதியாக இறுக்க வேண்டும்.

இவ்விடத்தில் தண்டின் கசிவுத் தடுப்பையும் பார்த்துவிட வேண்டும். கயிற்றுப் பொதி வைத்த பழைய வகையானால் கவலையில்லை. நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்ட, அது தன்பாட்டில் இருக்கும். சொட்டாத நவீன வகைகளில் சிலவற்றுக்கு இயந்திரத்தின் குளிர்நீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை போயிருக்கும். இயந்திரம் போனபின் அந்தக் கிளையை அடைத்துவிட்டால் தடுப்பின் முகங்கள் வறண்டு சூடேறும். அதற்குப் பதிலாக, அந்தக் குழாயை நீர்க்கோட்டுக்கு நன்கு மேலே கொண்டுபோய்த் திறந்து விட்டால், சிக்கிய காற்று வெளியேறி நீர் தானாகவே முகங்கள் வரை ஏறி நிற்கும். அந்த வகைக்கு அது பொருந்துமா என்பதை உற்பத்தியாளரின் குறிப்பில் உறுதிசெய்துகொள்ளவும். பயனற்றுப்போன கடல்நீர்த் துளையையும் புகைபோக்கித் துளையையும் வால்வை மூடியே விட்டுவைப்பதை விட, துளையின் விளிம்பைத் தடிப்பின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, எப்பொக்சியும் கண்ணாடியிழையும் அடுக்கடுக்காக வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுவது நிம்மதி.

பற்றரி

ஈய அமில பற்றரியா, லித்தியமா என்ற கேள்விக்கு எடையே பதில் சொல்லிவிடுகிறது. 48 வோல்ட் 200 அம்பியர் மணி ஈயத் தொகுதி 240 கிலோவை நெருங்கும். அதில் பாதியை மட்டுமே எடுக்கலாம், வேகமாக எடுத்தால் அதுவும் குறையும். லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுத் தொகுதி அதில் பாதி எடைகூட இல்லாமல், எண்பது வீதத்தைக் கொடுக்கும். 3.2 வோல்ட் கலங்கள் பதினாறு வரிசையாக இணைந்து 51.2 வோல்ட் ஆகின்றன. முழுச் சார்ஜிலும் 58.4 வோல்ட்டைத் தாண்டாது என்பதால் மின்னதிர்ச்சி ஆபத்தும் உயர்வோல்ட் தொகுதிகளை விடக் குறைவு. லித்தியம் வகைகளுக்குள் வெப்பத்தை ஓரளவு பொறுப்பதும் இதுவே. ஆயினும் பொறுக்கும் என்பதற்கும் விரும்பும் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் வெளியே 35 பாகையைத் தாண்டும் நாளில், மூடிக் கிடக்கும் படகின் பின்னறை 50 பாகையை நெருங்கலாம். கலங்களை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. தொகுதியைப் பின்னறையின் கூரைக்குக் கீழே வைக்காமல், இயன்றவரை தாழ்வாக, கடல்நீரின் குளிர்ச்சி தொடும் படகின் நடு அடிப்பகுதிக்கு அருகே, நீர் தேங்கும் மட்டத்துக்கு மேலாக வைக்கவும். எடை நடுவில் விழுவதால் அணியமும் பின்புறமும் சமமாக நிற்கும். முன்பு பென்சிலால் இட்ட நீர்க்கோட்டுக் குறி இதைச் சரிபார்க்கத்தான். படகு கவிழ்ந்தாலும் அசையாதபடி பட்டை போட்டு இறுக்குவது கட்டாயம்.

ஒரே 200 அம்பியர் மணித் தொகுதியை விட, 100 அம்பியர் மணித் தொகுதிகள் இரண்டைச் சமாந்தரமாக இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு லித்தியத் தொகுதிக்குள்ளும் உள்ள காப்பு மின்சுற்று, ஏதாவது ஒரு கலம் எல்லை மீறினால் முழுத் தொகுதியையும் முன்னறிவிப்பின்றித் துண்டித்துவிடும். பற்றரிக்கு அது பாதுகாப்பு. இறங்குதுறைக்கு அருகே எதிர்க்காற்றில் நிற்கும் படகுக்கு அது நேர் எதிர். தொகுதி இரண்டாக இருந்தால், ஒன்று போனாலும் மற்றதில் வேகத்தைக் குறைத்து வீடு சேரலாம். ஒவ்வொன்றின் தொடர் மின்னோட்ட அளவும் நூறு அம்பியருக்குக் குறையாமல் இருந்தால்தான் இந்த ஏற்பாடு பயன்தரும்.

மின்கம்பியும் பியூஸும்

ஐந்து கிலோவாட் 48 வோல்ட்டில் எடுக்கப்படும்போது நூறு அம்பியருக்கு மேல் ஓடுகிறது. வீட்டு மின்வேலையில் பழகிய கண்ணுக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது, ஆனால் எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது. இணைப்பொன்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், நூறு அம்பியரில் அந்த ஒரு முனையில் மட்டும் பத்து வாட் வெப்பம் பிறக்கும். வெப்பம் முனையைத் தளர்த்தும், தளர்ச்சி தடையைக் கூட்டும், பிளாஸ்டிக் உருகத் தொடங்கும் வரை இது தொடரும். எனவே வெள்ளீயம் பூசிய, பல இழைச் செப்புக் கம்பி 50 சதுர மில்லிமீற்றரில் எடுத்து, முனைகளை ஐதரோலிக் அழுத்தியால் இறுக்கி, பசையுள்ள சுருங்குகுழாயால் மூடி, முறுக்கு அளவியால் குறிப்பிட்ட அளவுக்கே நட்டை முடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறுக்கிய முனை உப்புக்காற்றில் ஒரு வாடைக்காலத்தைத் தாண்டாது.

பியூஸ் ஒவ்வொரு தொகுதியின் நேர்முனையிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லித்தியத் தொகுதி குறுஞ்சுற்றானால் ஆயிரக்கணக்கான அம்பியரைக் கொட்டும். வாகனக் கடைகளில் கிடைக்கும் சாதாரண பியூஸில் கம்பி உருகிய பின்பும் வில்பொறி தொடரலாம். அதிக மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறனுள்ள டி வகுப்பு (Class T) பியூஸையே கேட்டு வாங்கவும். அதன் பின் கைச்சுவிட்ச் ஒன்று, படகை ஓட்டுபவர் எழுந்து போகாமல் எட்டும் இடத்தில் அவசர நிறுத்தி ஒன்று, கொன்ட்ரோலருக்கு முன் கொன்டாக்டர் எனப்படும் மின்காந்தச் சுவிட்ச் ஒன்று என்ற வரிசையில் அமையும். கொன்ட்ரோலருக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள் வெறுமையாக இருக்கும்போது கொன்டாக்டரை மூடினால் அதன் முனைகள் பொறிபறந்து ஒட்டிக்கொள்ளும்; ஆகவே முதலில் ஒரு தடையின் வழியாக அவற்றை நிரப்பும் முன்சார்ஜ் சுற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறு படகுகளின் மின் உந்துகைக்கென்றே ஐஎஸ்ஓ 16315 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. வேலையைப் பொறுப்பேற்கும் மின்னியலாளர் அதை ஒருமுறை வாசித்திருப்பது நல்லது.

48 வோல்ட் தொகுதியை மோட்டாரின் உடலிலோ தண்டிலோ தொடாதபடி முற்றாகத் தனிமைப்படுத்தி வைக்கவும். கடல்நீருக்குள் மின்னோட்டம் கசிந்தால் தண்டும் புரொப்பெல்லரும் கண் முன்னே கரையும். தண்டுக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டியும் தண்டில் மறவாமல் இருக்க வேண்டும்.

டீசலுடன் ஆல்டர்னேட்டரும் போய்விட்டதால், 12 வோல்ட் பக்கத்துக்கு 48 இலிருந்து 12 ஆகக் குறைத்துத் தரும், இரு பக்கமும் தனிமைப்பட்ட மாற்றி ஒன்று தேவை. ஆனால் மாற்றி மட்டும் போதும் என்று பழைய 12 வோல்ட் பற்றரியை எடுத்துவிடக் கூடாது. பெரிய தொகுதி துண்டித்துக்கொள்ளும் இரவில், வழிகாட்டு விளக்கும் விஎச்எஃப் வானொலியும் நீரிறைக்கும் பம்பும் அந்தச் சிறு பற்றரியில்தான் உயிரோடிருக்கும்.

சார்ஜ் செய்தல்

நங்கூரத்தில் நிற்கும் படகுக்குக் கரையிலிருந்து மின்சாரம் வராது. எனவே சூரியனே நாளாந்த வழி. 230 வோல்ட் சார்ஜரும் கைக்கொண்டுபோகும் ஜெனரேற்றரும் அவசர வழி. 26 அடிப் படகில் 400 வாட் சோலார் பனலை வைக்க இடம் காணலாம். திருகோணமலையின் வெயிலில், பாய்மரத்தின் நிழலையும் வெப்பத்தையும் கழித்து, நாளுக்கு ஒன்றரைக் கிலோவாட் மணி எதிர்பார்க்கலாம். வெறுமையான தொகுதி நிறைய ஐந்தாறு நாள் ஆகும் என்பதால், வார இறுதியில் மட்டும் கடலுக்குப் போகிறவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மார்கழியில் நாட்கணக்காக மூடம் போட்டால் இதில் பெரும்பகுதி கிடைக்காது.

பனல்களை இணைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 12 வோல்ட் பனல் என்று விற்கப்படுவது 18 வோல்ட் அளவில் வேலை செய்யும். மூன்றை வரிசையாக இணைத்தால் 54 வோல்ட், காகிதத்தில் போதும்போலத் தோன்றும். ஆனால் மதிய வெயிலில் பனலின் மேற்பரப்பு 65 பாகைக்குச் சூடேறும்போது அந்த வோல்ட்டளவில் பத்து வீதத்துக்கு மேல் விழுந்துவிடும்; மிஞ்சிய 47 வோல்ட்டால் 55 வோல்ட் பற்றரிக்குள் எதையும் தள்ள முடியாது. நான்கை வரிசையாக இணைத்தால் சூட்டிலும் 63 வோல்ட் நிற்கும். பாய் விரித்து ஓடும்போது புரொப்பெல்லர் சுழன்று மின்சாரம் தரும் என்று சொல்லப்படுவதை, சிறு படகில் ஐந்து நொட்டுக்குக் கீழே கணக்கில் சேர்க்க வேண்டாம். கிடைப்பது சில பத்து வாட்தான். பற்றரி நிறைந்திருக்கும்போது அந்த மீள்சார்ஜ் தானாக நிற்கும்படி கொன்ட்ரோலரில் அமைத்திருப்பது அதை விட முக்கியம். இல்லாவிட்டால் காப்புச் சுற்று துண்டித்து, திடீரென எழும் வோல்ட்டளவு கொன்ட்ரோலரையே பழுதாக்கலாம்.

சோதனை ஓட்டம்

படகை இறங்குதுறையில் முன்னும் பின்னும் கட்டி, குறைந்த வலுவில் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிப் பார்ப்பதில் தொடங்கவும். அரை மணி நேரம் அரைவாசி வலுவில் ஓடவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொரு முனையையும், பியூஸையும், தள்ளுவிசைப் பெயாரிங்கையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பக்கத்து முனையை விடப் பத்துப் பாகை கூடுதலாகச் சூடான முனை எதுவானாலும், நிறுத்தி, குளிரவிட்டு, பிரித்து மறுபடியும் செய்யப்பட வேண்டியது. மோட்டார் தன் வலுவில் பத்து வீதத்துக்கு மேல் வெப்பமாக வெளியிடுவதால், மூடிய அறைக்குள் காற்று வந்து போக வழி இருக்கிறதா என்பதும் இப்போது தெரிந்துவிடும்.

பின்பு உள்துறைமுகத்துக்குள், காற்று ஓய்ந்த காலைப்பொழுதில், மின்னோட்டத்தை இருபது அம்பியர் படிகளாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் ஜிபிஎஸ் வேகத்தை ஒரு திசையிலும் எதிர்த்திசையிலும் குறித்துச் சராசரி எடுக்கவும். கைப்பிடி முழுவதும் திறந்த நிலையில், சுற்று எண்ணிக்கை உச்சத்தை எட்டும் முன்பே மின்னோட்டம் எல்லையைத் தொட்டுவிட்டால் புரொப்பெல்லர் மோட்டாருக்கு அதிகச் சுமை; மோட்டார்ப் பக்கக் கப்பியைச் சிறியதாக மாற்றவும். சுற்று உச்சத்தை எட்டியும் மின்னோட்டம் பாதியில் நின்றால், கப்பியைப் பெரிதாக்கவோ, அதிகப் பிடியுள்ள புரொப்பெல்லருக்கு மாறவோ இடமிருக்கிறது. இப்படி எடுத்த வேகமும் அம்பியரும் கொண்ட அட்டவணையைச் சுக்கானுக்கு அருகே ஒட்டி வைத்தால், மேலே எடுத்துக்காட்டாகச் சொன்ன எண்களுக்குப் பதிலாக உங்கள் படகின் சொந்த எண்கள் கையில் இருக்கும். கச்சான் தொடங்கிய பின்பு அதே அளவீட்டை எதிர்க்காற்றிலும் ஒருமுறை எடுத்து, அட்டவணையில் வேறு நிற மையால் சேர்த்துக்கொள்ளவும்.

முதல் மாத முடிவில் எல்லா மின்முனைகளையும், தாங்கியின் போல்ட்டுகளையும், பெல்ட்டின் இறுக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். புதிய பெல்ட் சிறிது நீளும், புதிய முனை சிறிது தளரும். படகின் பதிவிலும் காப்புறுதிப் பத்திரத்திலும் டீசல் இயந்திரத்தின் விவரம் எழுதப்பட்டிருந்தால் மாற்றத்தை எழுத்து மூலம் அறிவித்து, மின்சுற்றின் வரைபடத்தை இணைத்துக் கொடுக்கவும். கழற்றிய இயந்திரம் ஓடும் நிலையில் இருந்தால் கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம். கியர்பொக்ஸையும் கட்டுப்பாட்டுக் கேபிளையும் அதனுடன் சேர்த்து, எண்ணெய் நிரப்பி, காற்று வழிகளைத் துணியால் அடைத்துக் கொடுத்தால், பற்றரிச் செலவில் ஒரு பகுதி அங்கிருந்தே திரும்பி வரும்.